நீவும் கை முதலில் கேட்க வேண்டும்

மாங்காய் சீசன் தொடங்கிவிட்டால் சாமல்பட்டியில் பொழுது சாயும்போது தைல வாசம் வீசும். பகல் முழுக்க அண்ணாந்து பார்த்துத் தொரட்டி போட்டவருக்குக் கழுத்து பிடித்திருக்கும். கூடை சுமந்தவருக்கு இடுப்பு. ஓசூருக்கும் பர்கூருக்கும் போச்சம்பள்ளிக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் பிள்ளைகளுக்கு, எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்ததில் கெண்டைக்கால் கல்லாகிக் கிடக்கும். கிரானைட் வேலைக்குப் போகிறவருக்குத் தோள்பட்டை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எல்லோர் வாயிலும் வருவது ஒன்றுதான்: "கொஞ்சம் நீவி விடேன்."

சேலம் – ஜோலார்பேட்டை ரயில் பாதையில், ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கும் எங்கள் ஊர், உடம்பை வைத்துப் பிழைக்கும் ஊர். அதனால் நீவுவதும் உருவுவதும் சுளுக்கு எடுப்பதும் இங்கே அன்றாடம். அதில் சுகப்பட்டவர்களும் உண்டு, சீரழிந்தவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். எந்த வலிக்கு நீவலாம், எந்த வலியில் கை வைக்கவே கூடாது, யாரிடம் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் பல குடும்பங்கள் தப்பிக்கும்.

இரண்டு கைகள்

சில வருடங்களுக்கு முன்னால் சிமென்ட் மூட்டை தூக்கிய மறுநாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியவில்லை. பக்கத்து ஊரில் ஒருவர் நன்றாக எடுத்து விடுவார் என்றார்கள். போனேன். "குப்புறப் படு தம்பி" என்றார். எண்ணெய் தடவினார், முதுகை இரண்டு பக்கமும் அழுத்தினார், பிறகு முழங்காலை நடுமுதுகில் ஊன்றித் தோளைப் பின்னால் இழுத்தார். 'டக்'கென்று ஒரு சத்தம். "எலும்பு உக்காந்துருச்சு, போ" என்றார். பத்து நிமிஷம் சொர்க்கமாக இருந்தது.

அன்று ராத்திரியே வலி பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை மின்சாரம் மாதிரி இறங்கியது. மூன்றாம் நாள் இடது கால் கட்டைவிரல் மரத்துப்போனது. ஸ்கேனில் முதுகுத் தண்டின் டிஸ்க் பிதுங்கி நரம்பை நெருக்குவது தெரிந்தது. "டிஸ்க் முன்னமே பிதுங்கத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அப்படி அழுத்தியிருக்கக் கூடாது" என்றார் மருத்துவர். இரண்டரை மாதம் வேலைக்குப் போகவில்லை.

அந்த மனிதரைக் கெட்டவர் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "வலி காலுக்கு இறங்குதா?" அன்றைக்கே லேசாக இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்னொரு கையையும் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை மடங்கி இறுகிவிட்டது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரான ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். வந்ததும் கையைத் தொடவில்லை. ரத்த அழுத்த மாத்திரை என்ன, சர்க்கரை உண்டா, கீழே விழுந்தீர்களா, எந்த இடம் மரத்திருக்கிறது என்று கால் மணி நேரம் கேட்டார். பிறகு, "தொடட்டுங்களா பெரியம்மா?" என்றார். மூடிய விரல்களை ஒவ்வொன்றாக, முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்து விரித்தார். தோளிலிருந்து இழுக்கக் கூடாது, முழங்கையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நாலு மாதத்தில் பெரியம்மா அந்தக் கையால் டம்ளரைப் பிடித்தார்.

இரண்டும் கைகள்தான். கேட்டுத் தொட்டதும் கேட்காமல் தொட்டதும்தான் வித்தியாசம். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான்.

நீவும்போது உள்ளே என்ன நடக்கிறது?

முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? யாரும் சொல்லித்தராமலே தேய்த்துவிடுகிறோம். வலி குறைகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1965-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழியில், முதுகுத் தண்டில் ஒரு கதவு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடுதலும் அழுத்தமும் கொண்டுவரும் செய்தி அந்தக் கதவைப் பாதி சாத்திவிடுகிறது. அதனால் வலி குறைவாகத் தெரிகிறது. நீவினால் வரும் சுகத்தில் ஒரு பங்கு இது.

இரண்டாவது, இறுகிய தசை தளர்வது. ஒரே நிலையில் நின்றும் உட்கார்ந்தும் இறுகிய தசை மெதுவான அழுத்தத்திலும் சூட்டிலும் இளகும். மூன்றாவது, மனம் அடங்குவது. பரிவான கை பட்டால் மூச்சு சீராகும், தூக்கம் வரும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். தூங்காத உடம்புக்கு எந்த வலியும் இரட்டிப்பாகத் தெரியும்.

நீவினால் ஆகாதவையும் உண்டு. நழுவிய டிஸ்க்கைக் கையால் உள்ளே தள்ள முடியாது. ஒடிந்த எலும்பு எண்ணெயால் ஒட்டாது. 'டக்' என்று கேட்கும் சத்தம் எலும்பு உட்காரும் சத்தமில்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உருவாவதால் வருவது அது. 'கெட்ட நீர் வெளியே போகிறது', 'லாக்டிக் அமிலம் கரைகிறது' என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். உழைத்த தசையில் சேரும் லாக்டிக் அமிலத்தை உடம்பே ஒரு மணி நேரத்துக்குள் அநேகமாகச் சரிசெய்துவிடுகிறது.

இடுப்பு வலிக்கு மசாஜ் எவ்வளவு உதவுகிறது என்று 25 ஆய்வுகளை ஒன்றாக வைத்து காக்ரேன் அமைப்பு 2015-ல் அலசியது. கொஞ்ச நாளைக்கு வலி குறைகிறது, நீண்ட காலப் பலனுக்கு வலுவான சான்று இல்லை என்பது அதன் முடிவு. ஆகவே நீவுவதை நிவாரணம் என்று எடுத்துக்கொள்வதே சரி. வலிக்குக் காரணமான நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணக் கூடாது.

நம் மரபே எச்சரித்திருக்கிறது

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று 9 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லா உடம்புக்கும் எல்லாவற்றையும் செய்வதில்லை. ஆளுக்கும் நோய்க்கும் தக்கபடி வைத்தியர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பிரிவு.

வர்மத்தைப் பாருங்கள். குமரி மாவட்டத்து ஆசான்கள் கட்டிக்காத்த அந்தக் கலையில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108 புள்ளிகள். தொட்டு ஆற்றும் அதே இடத்தைத் தப்பாகத் தொட்டால் ஆளை வீழ்த்தும் என்பது அந்தக் கலையின் முதல் பாடம். பல வருடம் கூட இருந்து குணம் பார்த்த பிறகே ஆசான் முக்கியமான இடங்களைக் காட்டிக்கொடுப்பார். தொடுவது அபாயம் என்பதை வெள்ளைக்கார மருத்துவம் வந்து நமக்குச் சொல்லவில்லை. நம் பெரியவர்களுக்கே தெரிந்திருந்தது.

முடி திருத்தும் சமூகத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயரும், பிரசவம் பார்த்த பெண்களுக்கு 'மருத்துவச்சி' என்ற பெயரும் சும்மா வரவில்லை. ஊருக்கு வைத்தியம் பார்த்த கைகள் அவை. அந்த மதிப்பு எனக்கு உண்டு. அந்தப் பயிற்சி அறுந்துபோய், கைப்பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கும் இடங்களில்தான் இன்றைக்கு விபத்து நடக்கிறது.

கழுத்தை முறிக்கவே வேண்டாம்

சலூனில் முடி வெட்டி முடிந்ததும் தலையில் நாலு தட்டுத் தட்டி, தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. 'நெட்டி எடுத்தாச்சு' என்று நாமும் சந்தோஷமாக எழுந்து வருகிறோம். எல்லா விபத்துகளிலும் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான்.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் 4 பெரிய குழாய்கள் கழுத்து வழியாகப் போகின்றன. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பின்னால் இருப்பவை கழுத்து எலும்புகளின் துளைகளுக்குள் நூல் கோத்ததுபோல் ஏறுகின்றன. கழுத்தைச் சட்டென்று திருப்பினால் குழாயின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம்.

இது எங்கோ நடக்கும் கதை இல்லை. நம் பக்கத்து மாநிலத்தில், கர்நாடகத்தின் பல்லாரியில், 30 வயது இளைஞர் ஒருவருக்கு முடி வெட்டிய இடத்தில் தலையைப் பிடித்துவிட்டுக் கழுத்தைத் திருப்பியதில் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த செய்தி 2024-ல் நாளிதழ்களில் வந்தது. அமெரிக்காவில் அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவியதிலேயே பக்கவாதம் வந்த 5 பெண்களைப் பற்றி ஒரு மருத்துவர் 1993-ல் எழுதினார். அதற்கு 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்' என்றே பெயர் வந்துவிட்டது.

இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் நடந்தால் வாழ்க்கையே புரண்டுவிடும். கழுத்தை முறிப்பதால் கிடைக்கும் லாபமோ ஒரு சத்தம் மட்டும். எனவே நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, தலையைப் பிடிச்சு விடுங்க, கழுத்தைத் திருப்ப வேண்டாம்." எந்த அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கழுத்தைத் திருப்பிய பிறகு, அதே நாளிலோ சில நாள் கழித்தோ, இதுவரை இல்லாத தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, வாய் கோணல், நாக் குழறல், நடை தள்ளாடல் வந்தால் தைலம் தேட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பக்கவாதம் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒவ்வொரு நிமிஷமும் மூளையின் ஒரு பகுதி.

ஒரு கால் மட்டும் வீங்கினால்

2016-ல் டெல்லியில் 23 வயது இளைஞர் ஒருவருக்கு விளையாடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டைப் பிரித்த பிறகும் வலியும் வீக்கமும் போகவில்லை. மகன் படும் பாட்டைப் பார்த்து அம்மா எண்ணெய் போட்டு நீவினார். காலின் ஆழத்து ரத்தக்குழாயில் உறைந்திருந்த கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தது. மகன் இறந்துபோனான். எய்ம்ஸ் மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் எழுதியதும் நாடு முழுக்கச் செய்தியானது.

அந்தத் தாயை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. அவர் செய்ததைத்தான் நம் வீட்டிலும் எல்லோரும் செய்வோம். அவருக்குத் தெரியாமல் போன ஒரு விஷயத்தை நாம் தெரிந்துகொள்வோம்.

வேலை செய்த அலுப்பு என்றால் இரண்டு காலும் வலிக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, தொட்டால் வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். மாவுக்கட்டுப் போட்டவர், அறுவை சிகிச்சை முடிந்தவர், படுத்த படுக்கையாக இருப்பவர், வெகுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பயணம் செய்தவர், குழந்தை பெற்று 6 வாரம் முடியாத தாய் ஆகியோருக்கு இந்த வாய்ப்பு அதிகம். பிரசவமான உடம்புக்கு எண்ணெய் தேய்த்து ஊற்றுவது நம் வழக்கம். தேய்க்கும் முன் இரண்டு கெண்டைக்காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பெருத்திருந்தால் எண்ணெயை எடுத்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே டாப்ளர் ஸ்கேனில் தெரிந்துவிடும்.

சுளுக்கா, முறிவா?

கணுக்கால் மடங்கிவிட்டால் இங்கே முதலில் நினைவுக்கு வருவது இரட்டைப் பிள்ளை பெற்ற அக்காதான். அவர் கை பட்டால் சுளுக்குப் போகும் என்று நம்பிக்கை. இடுப்புப் பிடிப்புக்குக் கால் முன்னால் வரப் பிறந்தவரைத் தேடிப்போய் மிதிக்கச் சொல்வார்கள். அன்போடு செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது சுளுக்குதானா என்று முதலில் தெரிய வேண்டாமா?

கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் எளிய சோதனை ஒன்றை வகுத்தார்கள். உலகம் முழுக்க இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது. அடிபட்டவர் நொண்டியாவது 4 அடி நடக்கிறாரா? கணுக்காலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின் ஓரத்தையும் நுனியையும் தொட்டால் வலிக்கிறதா? பாதத்தின் நடுவில், சுண்டுவிரல் பக்கத்து மேட்டிலும் உள்பக்கத்திலும் எலும்பில் வலி உண்டா? 4 அடி நடக்க முடியவில்லை என்றாலோ, எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதுவரை உருவக் கூடாது.

வெறும் சுளுக்கு என்று தெரிந்தாலும் முதல் இரண்டு நாள் அழுத்தி நீவ வேண்டாம். உள்ளே கிழிந்த நாரிலிருந்து ரத்தம் கசியும் நேரம் அது. துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம், காலை உயர்த்தி வைத்தல், மிதமான கட்டு போதும். வீக்கம் வற்றிய பிறகு மெதுவாக நீவலாம்.

வயிற்று வலிக்கு நீவல் மருந்தாகாது

பிள்ளைக்கு வயிறு வலித்தால் 'குடலேற்றம்' என்று எண்ணெய் தடவி வயிற்றை வழித்துவிடுவது உண்டு. வாயு அடைத்த சாதாரண வலி என்றால் மெல்லத் தடவியதில் அடங்கிவிடும். ஆனால் தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, கூடவே வாந்தி, காய்ச்சல் என்றால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அந்த வயிற்றை அழுத்துவது ஆபத்து. வழித்துவிட்டுக் காத்திருப்பதில் போகும் நேரம் அதைவிட ஆபத்து. பெரியவர்களுக்கும் இதே கணக்குதான்.

பச்சைக் குழந்தையும் எண்ணெயும்

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது குழந்தைக்கு நல்லதே. அமெரிக்காவின் மயாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு 3 முறை, 15 நிமிஷம், 10 நாள் தொட்டு நீவி வந்தார். அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட 47 சதவீதம் கூடுதலாக எடை போட்டதை 1986-ல் வெளியிட்டார். பாட்டிமார் காலை நீட்டி, பிள்ளையைக் கணுக்கால் மேல் கிடத்தி, பாட்டுப் பாடித் தேய்த்ததில் இருந்த அருமை அதுதான்.

அதே பாட்டிமார் செய்யும் நாலைந்து காரியங்களை மட்டும் நிறுத்திவிட வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வேண்டாம். மூக்கில் விட்ட எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் ஒருவகை நிமோனியா வரும். பிறந்த குழந்தையின் மார்பில் 'பால் கட்டியிருக்கிறது' என்று பிதுக்க வேண்டாம். தாயின் ஹார்மோனால் வந்த வீக்கம் தானே வற்றிவிடும், பிதுக்கினால் சீழ் பிடிக்கும். மூக்கை இழுப்பதும் மண்டையை அமுக்குவதும் அழகு தராது. 'உரம் விழுந்தது' என்று தலைகீழாகப் பிடித்து உலுக்கவும் வேண்டாம். தலை நிற்காத பிள்ளையின் கழுத்து அதைத் தாங்காது. பிள்ளை ஓயாமல் அழுது, பால் குடிக்காமல், உடம்பு சுட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இவர்களுக்குக் கூடுதல் கவனம்

சர்க்கரை நோயாளியின் பாதம் மரத்திருக்கும். சூடு தெரியாது. ஒத்தடம் கொடுக்கும் அன்பான கையே கொப்புளம் வரவைத்துவிடும். கொடுப்பவர் தன் முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துச் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். புண் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு அழுத்தினாலே உள்ளே ரத்தம் கட்டும். வயதான பெண்களின் எலும்பு மெலிந்திருக்கும், முதுகில் மிதிப்பதும் முழங்காலை ஊன்றுவதும் எலும்பையே நொறுக்கலாம். புடைத்துச் சுருண்ட நரம்பு என்று நாம் சொல்லும் வெரிகோஸ் நரம்பின் மேல் அழுத்தக் கூடாது. கர்ப்பிணிக்கும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கும் அவரவர் மருத்துவரைக் கேட்காமல் யாரும் கை வைக்கக் கூடாது.

இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது ஆகியவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நரம்புக் கற்றை நசுங்குகிறது என்று பொருள். தாமதித்தால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடும்.

ஸ்பாவுக்குப் போகிறவர்களுக்கு

ஓசூரிலும் பெங்களூரு சாலையிலும் இப்போது ஸ்பாக்கள் நிறைய. தாய்லாந்து முறை, கேரள முறை என்று பலகை தொங்கும். தாய் மசாஜ் தகுதியான கலைதான். யுனெஸ்கோ 2019-ல் அதை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. பலகையில் பெயர் இருப்பதாலேயே உள்ளே இருப்பவருக்கு அந்தக் கலை தெரியும் என்று ஆகிவிடாது. எங்கே பயின்றீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அவர் உங்கள் நோயைப் பற்றிக் கேட்கிறாரா என்றும் பாருங்கள்.

மானமும் இதில் முக்கியம். எந்த உடையைக் களைவது, எந்த இடத்தைத் தொட விடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் படுத்திருப்பவர்தான். 'போதும்' என்று சொன்ன கணமே கை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எழுந்து வாருங்கள், போலீஸில் புகார் கொடுங்கள். ஸ்பாக்களுக்குள் கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம் உத்தரவிட்டார். அடுத்த மாதமே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அப்படி வைப்பது தனிமனித அந்தரங்கத்தில் தலையிடுவது என்று தீர்ப்பளித்தார். நீதிமன்றமே இரண்டு விதமாக யோசித்த விஷயம் இது. அறையில் கேமரா இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொடுபவருக்கும் மானம் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து கைவேலை செய்து பிழைக்கும் பெண்களைத் தப்பான கண்ணோடு பார்க்கிறவர்கள், அந்தத் தொழிலையும் அதை நம்பியிருக்கும் குடும்பங்களையும் சேர்த்தே இழிவுபடுத்துகிறார்கள்.

யாரிடம் போவது?

பிசியோதெரபிஸ்ட் என்கிற இயன்முறை மருத்துவர், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து நாலரை வருடம் படித்தவர். சித்த மருத்துவப் பட்டதாரி ஐந்தரை வருடம் படித்தவர். தொக்கணமும் வர்மமும் வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போகலாம். பல அரசு மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. நரம்பு, எலும்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் அங்கே காட்டலாம்.

படுக்கையில் கிடப்பவர்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிவைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இந்தத் திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வந்தது. மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று நினைத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரிலேயே உண்டு. பக்கவாதம் வந்தவர், மூட்டு மடங்கியவர் வீட்டில் இருந்தால், உங்கள் ஊர்ச் சுகாதாரப் பெண் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இயன்முறை மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். 104-க்கு போன் செய்தும் விசாரிக்கலாம்.

வீட்டில் நீவும்போது

அலுப்புக்கு வீட்டிலேயே நீவிக்கொள்வதை யாரும் விட வேண்டியதில்லை. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ லேசாகச் சூடு பண்ணி, தசை இருக்கும் இடத்தில் மட்டும், உள்ளங்கையால் மெதுவாக நீவுங்கள். கால் என்றால் பாதத்திலிருந்து மேல்நோக்கிப் போங்கள். முதுகெலும்பின் மேல் அழுத்த வேண்டாம், இரண்டு பக்கச் சதையில் செய்யுங்கள். கழுத்தின் முன்பக்கம் கை போகவே கூடாது. வலித்தால்தான் பலன் என்பது தவறு. முகம் சுளித்தால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மறுநாள் லேசாகத் தசை வலிப்பது சகஜம். புதிதாக மரத்துப்போவதும் வீங்குவதும் சகஜம் இல்லை.

எண்ணெயைக் கையில் ஊற்றும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள். எப்போதிருந்து வலி? விழுந்தாயா, அடிபட்டதா? வலி வேறு இடத்துக்கு இறங்குகிறதா, எங்காவது மரத்திருக்கிறதா? ஒரு பக்கம் மட்டும் வீக்கமோ சூடோ காய்ச்சலோ உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? பதிலில் ஒன்று உறுத்தினாலும் கையை எடுத்துவிடுங்கள்.

நீவிக்கொள்ளப் போகிறவரும் வாயைத் திறக்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அன்றைக்கு நான் "காலுக்கு இறங்குதுண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையை எடுத்திருப்பார் என்றே இன்றும் நம்புகிறேன்.